எரியாத புண்

மகனே,

நீங்கள் இருவரும் நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்துவிட்டதாக மருமகள் போனில் சொன்னாள். உன்னைக் கேட்டேன். "அவரு குளிக்கிறாரு அத்தை" என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் பக்கத்தில் நீ இருமுவது எனக்குக் கேட்டது. பாவம், வந்து நாலு நாள்கூட ஆகாத பெண்ணைப் பொய் சொல்ல வைத்துவிட்டாய். அதற்கு உன்னை நேரில் வைத்துத் திட்டிக்கொள்கிறேன். போனில் பேச மாட்டேன் என்று நீ முறுக்கிக்கொண்டிருந்தாலும், கடிதம் வந்தால் பிரித்துப் படிக்காமல் இருக்க மாட்டாய் என்பது எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் சோறு வெந்துகொண்டிருக்கிறது, பிள்ளைகள் மணி அடிக்கக் காத்திருக்கிறார்கள், நான் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து இதை எழுத ஆரம்பித்திருக்கிறேன். முடிக்கச் சில நாள் ஆகும். பொறுமையாகப் படி.

பாதபூஜை வேண்டாம் என்று உன் அப்பா கல்யாணத்துக்கு முன்னாலேயே அடம்பிடித்தார். அவர் கூச்சப்படுகிறார் என்று நீ நினைத்துக்கொண்டாய். "ஒரே புள்ள கல்யாணம், இத கூட செய்யக்கூடாதா?" என்று பெண் வீட்டார் முன்னிலையில் கேட்டு அவர் வாயை அடைத்துவிட்டாய். மண்டபத்தில் தாம்பாளத்தில் அவர் காலை வைத்தபோது நான் சாமியை வேண்டிக்கொண்டது உனக்குத் தெரியாது. வலது காலைக் கழுவி, துடைத்து, மஞ்சள் வைத்தாய். இடது காலுக்கு வந்ததும் உன் கை நின்றுவிட்டது. சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று ஒரு தழும்பு. நீ அவரைப் பார்க்கவில்லை, நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். ஐயர் அவசரப்படுத்தியதால் குங்குமம் வைத்துவிட்டு எழுந்தாய். அதற்குப் பிறகு எல்லா போட்டோவிலும் நீ சிரிக்கிறாய், ஆனால் எதிலும் என் பக்கம் பார்க்கவில்லை. மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் மெட்ராஸ் பஸ் வந்து நின்றதும்தான் வாயைத் திறந்தாய். "எல்லாம் நடந்து முடிஞ்சிருக்குது. எனக்கு மட்டும் சொல்லல. நான் இன்னாமா, மூணாம் மனுஷனா?" என்றாய். பதில் சொல்வதற்குள் ஏறிவிட்டாய். மருமகள்தான் ஜன்னல் வழியாகக் கையாட்டினாள்.

அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். கொஞ்சம் பின்னாலிருந்து வர வேண்டும்.

சுனாமி வந்த மார்கழிக்கு அடுத்த சில மாதங்கள் நீ புது வேலையில் சேர்ந்து மூச்சுவிட நேரமில்லாமல் இருந்தாய். கடலோரக் குப்பங்களில் வீட்டுக்கு வீடு சாவு. அந்த ஜனங்களுக்கு முன்னால் நின்று நமக்கும் கஷ்டம் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. நம் ஊர் உள்ளே தள்ளி இருப்பதால் உயிர் பிழைத்தது. உப்புப் பாத்திகளில் சேறு வந்து நிரம்பியதோடு சரி. அப்போது ஈ.சி.ஆர். ரோட்டில் எங்கெங்கிருந்தோ லாரி லாரியாகப் பழைய துணி வந்தது. யாரும் எடுக்காமல் ரோட்டோரத்தில் குவிந்து கிடந்து மழையில் நனைந்தது. கிழிந்த பேன்ட், ஒற்றைக் கை ஸ்வெட்டர். மரக்காணத்து வெயிலில் ஸ்வெட்டர்! மனசு நல்ல மனசுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கொடுத்தவர்கள் யாரும் இங்கே வந்து பார்த்துவிட்டுக் கொடுக்கவில்லை.

அவ்வளவுக்கும் நடுவில் உருப்படியாக ஒன்று வந்தது. ஏதோ ஒரு அறக்கட்டளையின் வெள்ளை வேன். அதில் ஒரு டாக்டரம்மா, ஒரு நர்ஸ், மருந்துப் பெட்டிகள். காலையில் நம் பள்ளிக்கூடத்தைத் தாண்டி குப்பத்துக்குப் போகும், மத்தியானம் அதே வழியாகத் திரும்பும். நான் சமையற்கட்டு ஜன்னல் வழியாகத் தினமும் பார்த்துக்கொண்டிருப்பேன். நம் ஊரில் ஒரு காய்ச்சல் என்றால் மரக்காணம் போக வேண்டும், பெரிதாக என்றால் பாண்டிச்சேரி. ஒரு நாள் கூலியும் போய், பஸ்ஸில் நின்றுகொண்டும் போக வேண்டும் என்பதால் யாரும் போவதே இல்லை. தானாகச் சரியாகும்வரை படுத்திருப்பார்கள். இப்படி இருக்கும்போது டாக்டர் ஒருத்தர் நம் வாசலைத் தாண்டித் தாண்டிப் போவதை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது? ஒரு நாள் சாம்பாரைக் கிளறிக்கொண்டிருந்தவள் அப்படியே ஓடிப்போய் ரோட்டின் நடுவில் நின்றுவிட்டேன். டிரைவர் பிரேக் போட்டுத் தலையை வெளியே நீட்டினார்.

"இன்னாம்மா, அடிக்கப் போறியா?" என்றார். அப்போதுதான் என் கையில் கரண்டி இருப்பதைப் பார்த்தேன்.

"அடிக்கிறதுக்கு இல்லப்பா. தெனமும் இப்படியே போறீங்களே, நடுவுல நாங்களும்தான் இருக்கோம்" என்றேன்.

டாக்டரம்மா இறங்கி வந்தார். உன்னைவிட ஒன்றிரண்டு வயது பெரியவராக இருக்கலாம், அவ்வளவுதான். வியாழக்கிழமை திரும்பும்போது பள்ளிக்கூட வராண்டாவில் ஒரு மணி நேரம் உட்காருகிறேன் என்றார். சொன்னபடி வந்தார். அடுத்த வியாழனும் வந்தார். மகனே, எனக்கு அவரிடம் முதலில் பிடித்துப்போனது வைத்தியம் இல்லை. சொன்ன கிழமையில் வந்தார் பார், அதுதான்.

முதலில் பெண்களும் குழந்தைகளும் வந்தார்கள். ஊசி போடாமல் மாத்திரை மட்டும் கொடுத்ததால், "ஊசியே போடல, இவங்க இன்னா டாக்டரு?" என்று முணுமுணுத்தார்கள். அது போகப் போகச் சரியாகிவிட்டது. ஆண்கள் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. "இந்த ஊர்ல ஆம்பளைங்களே கெடையாதாம்மா?" என்று டாக்டரம்மா கேட்டார். வெயில் ஏற ஏறத்தானே உப்பு விளையும், அந்த நேரத்தில் பாத்தியை விட்டுவிட்டு எந்த உப்பளத்துக்காரன் வந்து வரிசையில் உட்காருவான் என்று சொன்னேன். "அப்ப நாம போவோம்" என்றார். நான் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்த வாரம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, குடையைப் பிடித்துக்கொண்டு, வரப்பில் என் பின்னால் நடந்து வந்தார். இரண்டு இடத்தில் வழுக்கினார். உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் பலகையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

உன் அப்பா உப்புத் தண்ணீர் வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்து இடது கால் சுண்டுவிரலில் இருந்த காயத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். கிளிஞ்சல் கீறிய காயம் அது. வந்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. நம் ஆட்களுக்குக் காலில் காயம் என்றால் என்ன செய்வார்கள் என்று உனக்கே தெரியும். உப்புத் தண்ணீரில் காலை வைப்பார்கள். சுள்ளென்று எரியும். தினமும் வைப்பார்கள். என்றைக்கு எரியவில்லையோ அன்றைக்குப் புண் ஆறிவிட்டது என்று கணக்கு. நீ சின்ன வயதில் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தபோது நானே உன்னைத் தூக்கிப்போய் வாய்க்காலில் இறக்கியிருக்கிறேன், ஊரே கேட்கும்படி கத்துவாய். உன் அப்பாவின் இந்தக் காயம் முதல் நாளிலிருந்தே எரியவில்லை. அவருக்கு அதில் பெருமை. எனக்கும் பெருமைதான், மறைப்பானேன். "எங்க வூட்டுக்காரருக்குக் காலு இல்ல, இரும்பு" என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா குடையை மடக்கிவிட்டு அவர் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"உப்புத் தண்ணியில வைக்கிறீங்களே, எரியலையா ஐயா?"

"எரியவே இல்லம்மா" என்று சிரித்தார் உன் அப்பா. "ஆறிடுச்சுன்னு அர்த்தம்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "கண்ண மூடிக்கிறீங்களா? நான் உங்க கால தொடுவேன். தொடும்போதெல்லாம் தொடுறீங்கன்னு சொல்லணும்" என்றார். அவர் நல்ல பிள்ளை மாதிரி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். டாக்டரம்மா பேனா மூடியால் பெருவிரலைத் தொட்டார். அடுத்த விரலைத் தொட்டார். பாதம் முழுக்க ஒவ்வொரு இடமாக அழுத்தினார். குதிகால்வரை போய்விட்டார். நான் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். உன் அப்பா மூடிய கண்ணோடு பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, "ஆரம்பிச்சிட்டீங்களாம்மா?" என்று கேட்டார்.

டாக்டரம்மா அவர் கைவிரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கைக்குள் அடங்கும் ஒரு மிஷினில் வைத்துப் பார்த்தார். சர்க்கரை தலைக்குமேல் ஏறியிருந்தது. எத்தனை வருஷமாக இருந்ததோ, யாருக்குத் தெரியும். சர்க்கரை முற்றினால் காலில் உணர்ச்சி போய்விடும், அதனால்தான் எரியவில்லை, புண் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது, இன்றைக்கே பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு வேனில் வாருங்கள் என்றார். ஆறிவிட்டதற்கு அடையாளம் என்று நாம் தலைமுறை தலைமுறையாக நம்பியது, அவர் காலில் நேர்மாறாக இருந்திருக்கிறது.

உன் அப்பா போகவில்லை. பாத்தியை விட்டுவிட்டு எப்படி வருவது என்றார். அது சாக்கு என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் உண்மையைச் சொன்னார். "அந்த வண்டி குப்பத்து ஜனங்களுக்குன்னு வந்த வண்டி. புள்ளைங்கள கடலுக்கு குடுத்துட்டு நிக்கிறாங்க. அவங்க பேர சொல்லி வர்ற மருந்த, கிளிஞ்சல் கீறுனதுக்கு நான் வாங்கித் தின்னுறதா? எனக்கு வேணாம்." எவ்வளவு நல்ல மனுஷன் பார். எவ்வளவு முட்டாள் பார். இரண்டும் ஒரே ஆள். நானும் அந்த வார்த்தைக்கு மயங்கி, அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்று இருந்துவிட்டேன். அடுத்த வியாழன் டாக்டரம்மா வருவதற்குள் சுண்டுவிரல் கறுத்துவிட்டது. வாடை வீச ஆரம்பித்துவிட்டது. டாக்டரம்மா பார்த்தார். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். "ஐயா, இந்த மருந்து யார் பேரையும் எழுதிட்டு வரல. நீங்க கால இழந்தா குப்பத்துல யாருக்கு என்ன லாபம்?" என்று கேட்டார். உன் அப்பா தலையைக் குனிந்தபடியே வேனில் ஏறினார். விரலை எடுத்துவிட்டார்கள். காலைக் காப்பாற்றிவிட்டார்கள்.

இதிலிருந்து உனக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. நீ கொடுக்கிற இடத்தில் இருப்பவன் என்று உனக்கு நினைப்பு. நல்ல சம்பளம், நல்ல மனசு, கொடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வாங்குகிற இடத்தில் நிற்கவும் தெரிய வேண்டும். ஒருவர் நல்ல மனசோடு கையை நீட்டும்போது, எனக்கு எதற்கு, என்னைவிடக் கஷ்டப்படுகிறவனுக்குக் கொடு என்று தள்ளிவிடுவது பெரிய குணம் மாதிரி தெரியும். பாதி நேரம் அது வெறும் வீம்பு. உன் கல்யாணத்தில் பந்தியில் முதலில் உட்கார மாட்டேன் என்று உன் அப்பா நின்றாரே, அதே வீம்பு. உனக்கும் அது நிறையவே இருக்கிறது. புதுக் குடித்தனத்தில் மருமகள் உனக்கு ஒத்தாசை செய்ய வந்தால் பேசாமல் செய்ய விடு.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு புண்ணுக்குக் கட்டுக் கட்ட அந்த நர்ஸ் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். முதல் நாள் பஞ்சைக் கீழே போட்டுவிட்டேன். அப்புறம் பழகிவிட்டது. இப்போது ஊரில் யாருக்குக் கட்டு மாற்ற வேண்டுமென்றாலும் என்னைத்தான் தேடுகிறார்கள். அளவெடுத்துச் செய்த மெத்தென்ற செருப்பும், உப்பளத்துக்குப் போட ஒரு ஷூவும் வந்தன. வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக்கூடாது என்று கட்டளை. தீபாவளிக்கு நீ வந்தபோது, "அப்பா பூட்ஸ்லாம் போட்டு கலக்குறீங்களே" என்று கிண்டல் செய்தாய். குதிகால் வெடிப்புக்கு என்று நான் சமாளித்தேன். உப்பளத்தில் அவருக்கு இப்போது துரை என்று பேர். முதலில் கோபப்பட்டார், இப்போது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார். தண்ணீரில் இறங்குவதில்லை. மேட்டில் நின்று மற்றவர்களை அதிகாரம் செய்கிறார். அது அவருக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

இன்னொரு வேலையும் அவரே தலையில் போட்டுக்கொண்டிருக்கிறார். யார் காலில் காயத்தைப் பார்த்தாலும் போய் நின்றுகொண்டு, "எரியுதா?" என்று கேட்கிறார். எரியுது என்று அவன் முகத்தைச் சுளித்தால் இவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. எரியவில்லை என்று யாராவது சொல்லிவிட்டால் தீர்ந்தது. வியாழக்கிழமை அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுவார். "நானும் இவன மாதிரிதாம்மா இளிச்சிக்கினு இருந்தேன், மொதல்ல இவன பாருங்க" என்பார். வராண்டாவில் இப்போது ஆண்கள் வரிசைதான் நீளம். பேச்சும் அவர்கள்தான் அதிகம் பேசுகிறார்கள். நான் உள்ளிருந்து கரண்டியால் தட்டினால்தான் அடங்குகிறார்கள். அந்தக் கூச்சலைக் கேட்டுக்கொண்டு சோறு வடிக்கும்போது என் மனசு நிறைந்துவிடுகிறது. சத்தியமாகச் சொல்கிறேன், உன் கல்யாணத்தன்றுகூட நான் இவ்வளவு நிம்மதியாக இல்லை, அன்றைக்கு உன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் கல்யாணத்தின் ஞாபகமாக நம் ஊரில் ஒரு நாள் மெடிக்கல் கேம்ப் நடத்தலாம், மெட்ராஸிலிருந்து பெரிய டாக்டர்களை அழைத்து வருகிறேன் என்று நீ சொல்லியிருந்தாய். பந்தல், பேனர், வருகிறவர்களுக்கு பிரியாணி. கோபித்துக்கொள்ளாதே, எனக்கு அது வேண்டாம். கேம்ப் முடிந்த மறுநாள் ஒருவனுக்குச் சர்க்கரை ஏறினால் யாரிடம் போவான்? உன் அப்பாவைப் பெரிய டாக்டர் காப்பாற்றவில்லை. அடுத்த வியாழனும் வந்த டாக்டர்தான் காப்பாற்றினார். சுனாமிக்கென்று வந்த உதவி இனி எத்தனை நாளைக்கோ தெரியவில்லை, வண்டி வருமா வராதா என்று டாக்டரம்மாவுக்கே நிச்சயமில்லை. உன்னாலும் உன் ஆபீஸ் நண்பர்களாலும் முடிந்தால் அந்த வண்டி வியாழக்கிழமை நிற்காமல் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பேனரில் யார் பேரும் இருக்காது. பரவாயில்லை என்றால் செய்.

எங்களை மெட்ராஸுக்கே வந்துவிடச் சொன்னாய். வர மாட்டோம். அங்கே தெருவுக்குத் தெரு டாக்டர் இருக்கலாம், உன் அப்பா யாரை இழுத்துக்கொண்டு போவார்? இரண்டு நாளில் மனுஷன் வாடிப்போவார். வேண்டுமானால் பொங்கலுக்கு வந்து தங்கி, மருமகள் சமையலில் குறை கண்டுபிடித்துவிட்டு வருகிறேன். அதற்கு முன் நீ ஒன்று செய்ய வேண்டும். இது அப்பன் வழியில் பிள்ளைக்கு வருகிற வியாதி என்று டாக்டரம்மா சொல்கிறார். வயசு கம்மி என்று நினைக்காதே. இந்த வாரமே போய் ரத்தம் கொடுத்துப் பார். என்ன வந்தாலும் அன்றைக்கே எனக்குச் சொல். நீங்க மட்டும் சொன்னீங்களா என்று கேட்பாய். நியாயம்தான். இனிமேல் இந்த வீட்டில் யாரும் யாரிடமும் எதையும் மறைக்கப்போவதில்லை என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

அதனால் நீ பஸ் ஸ்டாண்டில் கேட்டதற்கு வருகிறேன். உன் வேலை கெட்டுவிடக்கூடாது என்றுதான் சொல்லவில்லை என்று உன் மாமாவிடம்கூடச் சொல்லி வைத்திருந்தோம். அது பொய். விரலை எடுக்க உள்ளே கூட்டிப்போகும் முன்னால் நான், "புள்ளைக்கு ஒரு போன் போட்டுடறேங்க" என்று எழுந்தேன். உன் அப்பா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம்டி. டாக்டரு வரட்டும், ஊரே வரட்டும், நான் தெகிரியமா இருப்பேன். அவன் வந்து நின்னான்னா நான் அழுதுடுவேன்" என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டார். அவரைக் கல்யாணம் செய்து இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அது ஒன்றுதான். உன் பேரைச் சொன்னதற்கே அப்படி.

நேற்று நான் எழுதிக்கொண்டிருந்தபோது ஷூவைக் கழற்றிக்கொண்டே வந்து, யாருக்குக் கடிதம் என்று கேட்டார். சொன்னேன். அந்த மெத்தென்ற செருப்பை மாட்டிக்கொண்டார். "எல்லாத்தையும் எழுதிக்கோ. நான் அழுதத மட்டும் எழுதாத" என்றார்.

எழுதிவிட்டேன்.

உன் அம்மா